ஆடு குட்டி போடுவதற்குள் பெட்டியை எழுப்புவது

ஜூன் 6, வெள்ளி

கீழே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மேலே வெள்ளிமலையில் சில்லென்ற காற்று. எனக்கு மட்டும் அங்கேயும் வேர்த்தது.

பதினொரு பெண்கள். கல்லூரி உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட என் முகாமுக்கு வந்தவர்கள். முடித்தது நான்கு. திருப்பி அனுப்பியது ஏழு.

எல்லாம் இந்த லேப்டாப்பால். சமுதாயக் கூடத்தில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதில் பதினேழு நிமிடம் பெட்டி கண்ணைத் திறக்கவே போய்விட்டது. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. உள்ளே ஹார்டு டிஸ்க் கிர்ர் கிர்ர் என்று மாவு அரைக்கிறது. பத்து மணிக்கு மேல் இன்னும் மோசம், ஒரு பக்கம் திறக்க ஒரு யுகம். ஐந்தாவது பெண்ணின் பெயரை அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிட்டது.

அந்த ஐந்தாவது பெண் கோகிலா. நர்சிங்குக்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை வந்தால்தான் சேர முடியும். அம்மா சின்னப்பொண்ணு அக்காவுக்கு மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. விடியற்காலையில் கிளம்பி நடந்தே வந்திருக்கிறார்கள். அக்கா கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பெட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா கண்ணு, உம் பொட்டி எந்திரிக்கறதுக்குள்ள எங்க சினை ஆடு மூணு குட்டி போட்டுடும் போலகீது!"

கூடமே சிரித்தது. ரவி சார் மட்டும் சிரிக்கவில்லை. முகாம் நடத்தும் அறக்கட்டளையின் ஆள் அவர்தான். ஜீப் ஏறும்போது மெதுவாகச் சொன்னார்.

"பரிமளாம்மா, அடுத்த வெள்ளிதான் கடைசி நாளு. அன்னிக்கும் இப்டின்னா சேலத்துலேருந்து வேற ஆள வரச்சொல்லிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இது என் முகாம். மூன்று வருடமாக என் மலை. ஆனால் ஏழு பெண்களைத் திருப்பி அனுப்பியவள் எந்த வாயோடு பேசுவது?

ஒரு வாரம் இருக்கிறது.

ஜூன் 7, சனி

வெயில். பக்ரீத். கள்ளக்குறிச்சியில் நஸ்ரீன் கடை இன்று திறக்காது. வடக்கனந்தல் வீட்டில் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு.

பெட்டியின் வியாதிகள்:
– எழுந்திருக்கப் பதினேழு நிமிடம்.
– மலைப் பாதையில் ஜீப் குலுக்கிக் குலுக்கி ஹார்டு டிஸ்க் நொந்துவிட்டது. (உள்ளே தட்டு சுற்றும், அதன் மேல் ஊசி ஓடும். அதை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் போனால்?)
– வயது பதினொன்று. என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூட இருக்கிறது.

சுத்தபத்தத்தில் மட்டும் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் வகுப்பில் சார் சொல்லிக்கொடுத்தது: டிஸ்க்கும் வீடு மாதிரி, வாரம் ஒருதரம் பெருக்கி அடுக்கணும். அதனால் வெள்ளிக்கிழமை அத்தை வீடு கழுவினால் நான் பெட்டியைக் கழுவுவேன். டிஃப்ராக் என்று பெயர். சிதறிக் கிடக்கும் துண்டுகளையெல்லாம் பொறுக்கி வரிசையாக அடுக்குவது. முதலில் கையால் செய்தேன், பிறகு அதற்கென்று ஒரு மென்பொருள் போட்டு அதன் பொறுப்பில் விட்டாயிற்று. வருடக்கணக்காக ஒரு வெள்ளி தவறியதில்லை. அப்படியும் இந்தக் கதி!

நஸ்ரீனுக்குப் போன் செய்து ஈத் முபாரக் சொன்னேன். அதே வகுப்பில் என் பக்கத்து நாற்காலி அவள். இன்று கணவரோடு கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறாள். கதை முழுக்கக் கேட்டாள்.

"ஹார்டு டிஸ்க்க தூக்கிக் கடாசுடி. எஸ்எஸ்டி போடு. அதுல சுத்தறது, ஓடறது ஒண்ணும் கெடயாது, வெறும் சில்லு. ஜீப்புல இன்னா, மாட்டு வண்டியில கூட தூக்கினு போ. நாளைக்கி வா, பாதி ஷட்டர் தூக்கி வைக்கிறேன்."

மதியம் அவள் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தவர் மட்டன் பிரியாணி கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை அத்தை கவுச்சி தொடமாட்டார். டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாசன ஜாஸ்தியா கீது, அந்தாண்ட போய் துன்னு" என்றார். எனக்கே இரண்டு பங்கு.

ஜூன் 8, ஞாயிறு

காலை 9.20 பஸ். உட்கார இடம் கிடைத்தது. நல்ல சகுனம்.

பெட்டியைக் கவிழ்த்தோம். பத்துத் திருகு இருக்க வேண்டும். ஆறுதான் தெரிகிறது. மீதி நான்கு இடத்தில் கல்லாக இறுகிய ஏதோ ஒன்று.

நஸ்ரீன் நகத்தால் சுரண்டினாள். முகர்ந்தாள். "இன்னாடி இது, சந்தன வாசன அடிக்குது?"

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அத்தை பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். மூடி அழுக்காகுமே என்று நான்தான் "அடியில வைங்க அத்தே" என்றேன். திருகுக் குழிகள் அவருக்கு அளவெடுத்துச் செய்தாற்போல் அமைந்துவிட்டன. எத்தனை வருடப் பொட்டு!

"ஏண்டி, இத்த நா சர்வீஸ் பண்றதா, அபிஷேகம் பண்றதா?"

தாலிக் கயிற்றில் இருந்த ஊக்கை எடுத்து ஒரு மணி நேரம் நோண்டினேன். நான்காவது திருகு வரும்போது இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிற்று வலி. அவள் கணவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்தோம். மூன்று மணி நேரம். அப்படியே என்றால் அப்படியே, என் போட்டோ, பாட்டு, குப்பை எல்லாம். தீப்பெட்டியைத் தட்டையாக்கிய மாதிரி இருக்கிறது எஸ்எஸ்டி. இதற்குள்ளா இவ்வளவும்?

சுவிட்சைப் போட்டோம். ஒரு நிமிடம் நாற்பது வினாடி!

நான் கத்திய கத்தில் எதிர்க்கடைப் பூக்காரம்மா எழுந்து நின்றார். பதினேழு நிமிடம் எங்கே, இது எங்கே. நஸ்ரீன்தான் உதட்டைப் பிதுக்கினாள்.

"கம்மி பண்ணணும்டி. இருவது செகண்டு வரணும். எங்கியோ புடிச்சினு கீது. செட்டிங்ஸ ஒவ்வொண்ணா பாரு."

பார்க்கிறேன். பார்க்காமல் விட்டால் நான் பரிமளா இல்லை.

ஜூன் 9, திங்கள்

மேகம் கூடிக் கலைந்தது. மழை இல்லை. தண்ணீர் வந்தது, பிடித்தாயிற்று. இட்லி மாவு புளித்துவிட்டது.

ஒரு வீடியோ கிடைத்தது. "எஸ்எஸ்டி போட்டவுடன் அணைக்க வேண்டிய பதினாறு." பேசுகிற தம்பிக்கு எதையாவது அணைக்காவிட்டால் தூக்கம் வராது போல. பதினாறையும் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு அணைத்தேன்.

தேடல் அட்டவணை அணை. தூங்கும் முன் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி வைக்கும் ஹைபர்நேஷன் அணை. நினைவகம் பற்றாதபோது டிஸ்க்கில் இடம் கடன் வாங்கும் பேஜ் ஃபைல் அணை. பெட்டி எழும்போதே கூட எழுந்து வரும் ஒன்பது மென்பொருள் அணை. (பிரிண்டரே இல்லாத வீட்டில் பிரிண்டருக்கு இரண்டு மென்பொருள். வெட்கக்கேடு.)

கடைசியாக ட்ரிம் என்று ஏதோ ஒன்று. அது வேலை செய்கிறதா என்று கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்துப் பார்க்க வேண்டுமாம். அடித்தேன். பதில்: 0.

முட்டை! பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக் கணக்கில் வாங்கியதற்குப் பிறகு இன்றுதான். அந்தப் பேப்பரை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார் டீச்சர், இன்னும் ஆறவில்லை. விடுவேனா? கட்டளையைத் தேடிப் பிடித்து 1 என்று மாற்றிவிட்டேன்.

ஒரு நிமிடம் ஐந்து வினாடி. பதினாறுக்குப் பதினாறு. அத்தைக்குக் காட்டினேன். "நல்லா கீது. சோறு வெந்துடுச்சா பாரு" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். காற்று. துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

ஒத்திகைக்காக விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, கோகிலா பெயரையே அடித்துப் பார்த்தேன். போட்டோ ஏற்றும் இடம் வந்ததும் "நினைவகம் போதவில்லை" என்று எல்லாம் மூடிக்கொண்டது. மறுபடி அடித்தேன், மறுபடி மூடியது. மூன்றாவது முறை பேட்டரியும் தீர்ந்தது. கரண்டில் போட்டு எழுப்பினால் அடித்தது எதுவும் இல்லை, சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறது. மலையில் இப்படி நடந்திருந்தால்? அழுகை வந்தது, எழுதி வைக்கிறேன்.

நஸ்ரீனுக்குப் போன். பேப்பரை வரிசையாகப் படித்தேன். பாதியிலேயே அவள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"பேஜ் ஃபைல ஏண்டி அணச்ச? உன் பொட்டியில இருக்கிற நாலு ஜிபி மெமரிக்கு அதுதான் ஊணுகோலு. ஹைபர்நேஷனு இருந்தா பேட்டரி தீந்தாலும் அடிச்சது நிக்கும். மலையில கரண்டு இல்லாத எடத்துல அதாண்டி உசுரு. அப்பறம்?"

"அப்பறம் ட்ரிம்மு. ஸீரோ காட்டுச்சி. ஒண்ணா மாத்திட்டேன்."

"அடிப்பாவி! அது இன்னா கேக்குதுன்னு படிச்சியா?"

படிக்கவில்லை. எண்ணைத்தான் பார்த்தேன். இப்போது படித்தோம். அந்த வரியின் அர்த்தம்: "அழித்ததைச் சொல்லாதே." அதற்கு 0 என்றால் "சொல்லாதே" கிடையாது. அதாவது சொல்லு! குடித்தனக்காரர் காலி செய்தால் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டுமே, அந்த மாதிரி. ஒரு ஃபைலை அழித்தால் "அந்த இடம் காலி" என்று பெட்டி எஸ்எஸ்டிக்குச் சொல்லும். அது ஓய்வாக இருக்கும்போது தானே கழுவி வைத்துக்கொள்ளும். அதுதான் ட்ரிம். நான் 1 போட்டு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் செய்துவிட்டேன்.

"முட்டன்னா இங்க பாஸுடி, லூசு" என்றாள் நஸ்ரீன்.

0 போட்டேன். பேஜ் ஃபைல், ஹைபர்நேஷன் இரண்டையும் எழுப்பினேன். ஒன்பது மென்பொருள் அணைந்தபடியே இருக்கட்டும், அந்தத் தம்பி சொன்னதில் அது ஒன்று உருப்படி.

ஒத்திகை நான்காம் முறை: போட்டோ ஏறியது. முட்டை வாங்கிச் சந்தோஷப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

ஜூன் 11, புதன்

விடியலில் நாலு தூறல். மண் வாசனை வந்தது, மழை வரவில்லை.

நஸ்ரீன் சொன்னபடி பயாஸ் பார்த்தேன். பெட்டி எழும் முன்பே F2 அழுத்தினால் வரும் நீலப் பக்கம். டிஸ்க் இருக்கும் வரியில் ஐடிஇ என்று இருக்கிறது. பழைய காலத்து டிஸ்க்கோடு பேசும் முறை அது. எஸ்எஸ்டிக்கு ஏஹெச்சிஐ வேண்டும். எங்கோ பிடித்துக்கொண்டு இருப்பது இதுதான்!

மாற்றினேன். எழுப்பினேன். நீலத் திரை, சோக முகம். மறுபடி எழுப்பினேன், மறுபடி சோக முகம். அத்தை பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா, செத்துப்போச்சா?"

"அத்தே, அபசகுனமா பேசாதீங்க!"

"நா இன்னா பண்ணட்டும்? அதும் மூஞ்சி அப்டி கீது."

பதறாதே பரிமளா. மாற்றியதை முன்பிருந்தபடி வைத்தேன். உயிர் வந்தது. நஸ்ரீனுக்குப் போன் செய்யக் கை போனது. வேண்டாம், நாமே பார்ப்போம் என்று தேடிப் படித்தேன். ஒரு மணி நேரம். சங்கதி இவ்வளவுதான்: விண்டோஸுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் முறையை மாற்றினால் மிரளும். "அடுத்த முறை சேஃப் மோடில் எழு" என்று முதலில் சொல்லி வைக்க வேண்டும். பிறகு ஏஹெச்சிஐ. அவசியமானதை மட்டும் எழுப்பும் அந்தச் சேஃப் மோடில் எழுந்ததும் புதுப் பழக்கம் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சேஃப் மோடை நீக்கினால் போதும்.

செய்தேன். எண்டரை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் என் பழைய நீலமலைப் படம். மூலையில் கடிகாரம். அவ்வளவு சீக்கிரம் எழுந்ததை நான் பார்க்கவே இல்லை. அணைத்துவிட்டு மறுபடி, செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன்.

பத்தொன்பது வினாடி.

பத்தொன்பது! வாசலுக்கு ஓடி வந்து யாரிடமாவது சொல்லலாம் என்றால் தெருவில் ஒரு கோழி. அதனிடம் சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்

வெயில் கம்மி. சர்க்கரை வாங்க வேண்டும். என் வீட்டுக்காரர் கரும்பு லோடோடு போனவர், இன்னும் இரண்டு நாளாகுமாம்.

நாளைக்கு:
– பேட்டரி நிறைய.
– திரை வெளிச்சம் கம்மி.
– டிஸ்க்கில் கால்வாசி காலி. (எஸ்எஸ்டியை மூச்சு முட்ட நிரப்பக் கூடாது. 2016 பொங்கல் போட்டோ இருநூறும் பென் டிரைவுக்குப் போயாச்சு. அதில் நூற்று எண்பது என் மச்சான் கட்டைவிரல்.)
– மூடினால் தூக்கம், திறந்தால் இரண்டே வினாடியில் விழிப்பு.
– 0. இன்னொரு முறை பார்த்தாயிற்று. முட்டைதான்.

தியாகதுருகத்துக்கு ஒரு வேலையாகப் பஸ்ஸில் போனேன். மடியில் வைத்துத் திறந்தேன். வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது, என் தலை மேலே இடித்தது, பெட்டி சட்டையே செய்யவில்லை. பக்கத்துச் சீட்டில் பேசிக்கொண்டார்கள்:

"பாவம், பஸ்லகூட வேல செய்யுது அந்தப் பொண்ணு."

"வேலயா? சிரிச்சினு கீது பாரு."

ஜூன் 13, வெள்ளி

காலை ஐந்து மணி. மேகம். அத்தை வீடு கழுவ வாளி எடுத்தாயிற்று.

"வூட்ட நா கழுவிக்கிறேன். நீ மலைக்கிப் போயிட்டா பொட்டிய யாரு கழுவறது?"

"அது பாட்டுக்குக் கழுவிக்கும் அத்தே" என்று சொல்லிவிட்டேன். கிளம்புகிறேன்.

(மீதி மாலையில்.)

கச்சிராயபாளையத்தில் ஜீப். பதினான்கு பேர், ஒரு மூட்டை வெங்காயம், மடியில் பெட்டி. மேலே போனால் எதிர்பார்த்தபடியே கரண்ட் இல்லை. போன வார ஏழு பேரோடு புதிதாக மூன்று பேர். ரவி சார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சின்னப்பொண்ணு அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறாள்.

திறந்து சுவிட்சைப் போட்டேன். பத்தொன்பது வினாடி. அக்கா பாக்கை எடுக்கும் முன் எழுந்துவிட்டது!

"யே, இது அதே பொட்டியா?"

"அதே பொட்டிதான்க்கா."

முதல் பெண் ஆறு நிமிடம். இரண்டாவது ஐந்தரை. மூன்றாவது கோகிலா. பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், போட்டோ. சரியாகப் பத்து மணி. திடீரென்று பெட்டி இழுக்கிறது. தட்டினால் எழுத்து வரவில்லை. சுட்டி நகரவில்லை. ரவி சார் கையைக் கட்டினபடியே ஒரு அடி முன்னால் வந்தார்.

திரை மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது. "வாராந்திரச் சுத்தம் தொடங்குகிறது. வெள்ளி, 10.00."

அடி ஆத்தாடி.

என் மென்பொருள். நான் போட்ட மென்பொருள். வெள்ளிதோறும் பத்து மணிக்கு டிஃப்ராக். நகல் எடுத்தபோது அப்படியே கூட வந்திருக்கிறது. அணைத்த ஒன்பதில் இது இல்லை, மணி பார்த்துத் தானே எழுவது. முகாம் நடப்பது எல்லாமே வெள்ளிக்கிழமை. மூன்று வருடமாக, மலைமேல், பேட்டரியில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெட்டியை, நானே பத்து மணிக்கு வீடு கழுவ விட்டிருக்கிறேன். ஏழு பெண்களைத் திருப்பி அனுப்பியது ஜீப் இல்லை, கரண்ட் இல்லை. என் சுத்தம்.

எஸ்எஸ்டிக்கு அந்தச் சுத்தமே தேவையில்லை. அதில் எந்தத் துண்டு எங்கே கிடந்தாலும் எடுக்க ஒரே நேரம்தான். அடுக்கி அடுக்கி வைத்தால் வீண் தேய்மானம்.

நிறுத்து. உறுதியா? உறுதி. நீக்கு. நிச்சயமாக நீக்கவா? நூறு முறை நிச்சயமாக! போய்த் தொலை.

கட்டம் மறைந்தது. கோகிலாவின் விண்ணப்பம் அடித்த இடத்திலேயே நின்றது. ஓர் எழுத்து போகவில்லை. அனுப்பு. ஒப்புகை எண் வந்தது. அவள் செல்போன் டிங் என்றது. கோகிலா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அக்கா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

பத்தும் முடிந்தது. பேட்டரி இன்னும் பதினொரு சதவீதம். ரவி சார் கையை இப்போதுதான் பிரித்தார்.

"அடுத்த மாசம் ரெண்டு முகாம் கீது. நீங்கதான் வரணும். இன்னா பண்ணீங்க, புதுசு வாங்கிட்டீங்களா?"

"இல்ல சார். கழுவறத நிறுத்திட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம்.

கிளம்பும்போது அக்காவிடம் கேட்டேன். "ஆடு இன்னாக்கா ஆச்சு?"

"காலையிலேர்ந்து கத்திக்கினு கெடக்குது. வூட்டுக்குப் போயித்தான் பாக்கணும்."

இறங்கும் வழி முழுக்க ஜீப் குலுக்கியது. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே வந்தேன், திமிர்தான்.

இப்போது மணி ஆறு. வீடு சாம்பிராணி வாசனை. நஸ்ரீனுக்குச் சொல்லியாயிற்று, அவள் அந்தப் பக்கம் போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கோகிலாவிடமிருந்து போன்.

"அக்கா, எங்க ஆடு இப்பத்தான் குட்டி போட்டுச்சி. மூணு! அம்மா ஒங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

"இன்னாவாம்?"

"ஒங்க பொட்டிதான் முந்திக்கிச்சாம்."